மன்னார்க் கரையும் புகைப்படக் கண்காட்சியும்: பார்வை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கலைகளுள் வயதிற் குறைந்தவற்றுள் ஒன்று புகைப்படக் கலை. 1839ஆம் ஆண்டு பாரிசில் டகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டது. அந்நாளிலிருந்து கணக்கிட்டால் அதற்கு இரு நூற்றாண்டுகள்கூட நிறையவில்லை. எனினும், இக்குறுகிய காலத்துள் மனிதன் தன்னையும் பிறரையும் அறிந்துகொள்ளும் முறையையே அது பெரிதும் மாற்றிவிட்டது. ஏட்டுச்சுவடியையும் கல்வெட்டையும் படிப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களிற் பயிற்சி அளிக்கப்படுகின்றது. புகைப்படத்தைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கண் இருந்தாற் போதும், படம் தானே பேசும் என்று கருதிக்கொள்கிறோம்.

இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை நாம் ஒரு கண்காட்சி மண்டபத்திலேதான் கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், பழைய இலங்கைப் படங்கள் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்த மண்டபம் ஒன்றில், மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைக் காட்டும் படம் ஒன்றின் முன் நின்றோம். தோணியின் விளிம்பில் ஆட்கள் நெருக்கமாக நிற்கின்றனர். அவர்தம் கைகளிலிருந்து கயிறுகள் நீருள் இறங்குகின்றன. பின்னே வேறு தோணிகளின் பாய்மரங்கள். முத்துக்குளிப்போர் என்ற குறிப்பு கீழே இருந்தது. ஒரு நிமிடத்திற் பார்த்து முடித்து, அடுத்த படத்துக்குச் சென்றோம். மறுநாள் வேறொரு காரணத்துக்காக அதே மண்டபத்துக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. அன்று அப்படத்தின் முன் அரை மணிநேரம் நின்றபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. விளிம்பில் நின்றவர்கள் கயிறு பிடிக்கும் துணையாட்கள். குளிப்பவர்களோ அக்கயிறுகளின் மறுமுனையில், நீருக்கடியில் இருந்தனர். முத்துக்குளிப்போர் என்று பெயரிடப்பட்ட அப்படத்தில் குளிக்கும் நிலையில் ஒருவர்கூட இல்லை.

படம் பொய் சொல்லவில்லை. கயிற்றைத் தெளிவாகவே காட்டியிருந்தது. அதை வாசிக்க நமக்குத் தெரியவில்லை. கண்காட்சியிற் காலஞ் செலவிடுதல் என்பது இவ்வாறான வாசிப்பைப் பழகும் வழி என்பதே இக்கட்டுரையின் கருத்து. மன்னார்த் தீவையும் அதன் எதிரேயுள்ள முசலிக் கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்கு யார் யாரைப் படம் பிடித்தனர், அப்படங்கள் யாருக்குக் காட்டப்பட்டன, எவருடைய படங்கள் எஞ்சின, எவருடையவை அழிந்தன என்னும் வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

2

மன்னார் வளைகுடாவின் முத்து மிகப் பழைய வரலாறு உடையது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற் செலவு என்னும் கிரேக்க நூல், கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகையில், அங்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. முத்தின் ஒளியைப் பாடிய இலக்கியம் நம்மிடம் மிகுதி. அதை எடுத்தவர் எந்நிலையில் எடுத்தார் என்பதைச் சொல்லும் சான்றுகள் குறைவு. ஆதலின், கடல்வழி வணிகர் ஒருவரின் இவ்வொற்றைக் குறிப்பு மனங்கொள்ளத்தக்கது.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறியபோதும் முத்துப் பார்கள் அரசின் ஏகபோகமாகவே இருந்தன. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோத், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளில், முத்துப் பார்களை நோக்கி அரிப்பிற் கடலோர மேட்டில் ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்க டொரிக் பாணியில் அமைந்த அக்கட்டடம் இன்று கடலரிப்புக்கு உள்ளாகி இடிபாடாக நிற்கின்றது. கடலையும் கரையையும் அங்கு உழைத்தோரையும் உயர்ந்த இடத்திலிருந்து நோக்கும் அதிகாரத்தின் பார்வைக்கு அது கல்லாலான சான்று. கமரா இக்கரைக்கு வந்தபோது, அப்பார்வைக்குரிய இடம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது எனலாம்.

புகைப்படம் இலங்கைக்கு வந்தது 1840களில். 1860களில் ஸ்கீன், அடுத்த பத்தாண்டில் ஸ்கோவன், 1890இற் பிளாற்றே என ஐரோப்பியரின் படநிலையங்கள் தோன்றின. தோட்டத்துரைமாருக்கும் கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கும் அவை படங்களை விற்றன. கோப்பித் தோட்டம், தென்னஞ்சோலை, அநுராதபுர இடிபாடு, மலைக்காட்சி, பல சாதியினரின் 'மாதிரி' உருவங்கள் என்பன அவற்றின் சரக்குகள். முத்துக்குளிப்பும் அச்சரக்குகளுள் ஒன்றாயிற்று.

அதற்குப் பெருந்தேவை ஏற்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறாதிருந்த நிலையில், காரணத்தை ஆராய லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்தார். ஹோர்னெல் என்பார் உடன் பணியாற்றினார். அவர்களது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் றோயல் சொசைற்றியால் வெளியிடப்பட்டது. 1903ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து சில ஆண்டுகள் பெரும் முத்துக்குளிப்புகள் நடந்தன. 1905இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவைக் கடந்தது. முசலிக் கரையிலுள்ள மறிச்சுக்கட்டியில், காட்டையும் மணலையும் அழித்து, ஒரு நகரம் எழுந்தது. நீதிமன்றம், மருத்துவமனை, தபாற்கந்தோர், சிறைச்சாலை, கடைத்தெரு யாவும் ஓலையாலும் கம்பாலும் அமைந்தன. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் வந்து கூடினர். பருவம் முடிந்ததும் நகரம் மறைந்தது; சிப்பிக் குவியல் எஞ்சியது.

உழைப்பின் ஒழுங்கு இவ்வாறிருந்தது. கல் கட்டிய கயிற்றிற் காலூன்றிச் சுழியோடி 5 முதல் 10 பாகம் வரை ஆழத்தில் இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவான். கயிற்றை அசைத்ததும் துணையாள் மேலே இழுப்பான். சுறாவின் வாயைக் கட்ட மந்திரமோதும் கடற்கட்டிக்கும் அங்கு இடமிருந்தது. கரையில் 'கொட்டு' எனப்படும் அடைப்பினுள் சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தோருக்கு. அரசின் பங்கு ஆயிரங்கணக்கில் ஏலம் விடப்படும். சிப்பி அழுகிப் புழுத்த பின்னரே முத்து பிரித்தெடுக்கப்படும் ஆதலால், அந்நாற்றம் நெடுந்தொலைவுக்கு வீசும். 1906ஆம் ஆண்டு அங்குக் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனாட் வூல்வ், பின்னர் எழுதிய ஒரு சிறுகதையிலும் 1961இல் வெளிவந்த தன்வரலாற்றுப் பகுதியிலும் அச்சூழலை விவரித்துள்ளார். ஏகாதிபத்தியத்தின் விமர்சகராக அவர் பின்னாளில் மாறியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1906இல் முத்துப் பார்கள் ஒரு கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர் அத்தகைய பெரும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும், படங்கள் ஓயவில்லை. 1907இல் ஆர்னல்ட் றைற் பதிப்பித்த இலங்கை பற்றிய பெருநூல், 1908இல் குன்ஸ், ஸ்ரீவன்சன் ஆகியோர் வெளியிட்ட முத்து நூல், 1912இல் அமெரிக்காவின் நஷனல் ஜியோகிரபிக் இதழில் ஹியூ சிமித் எழுதிய கட்டுரை ஆகியவற்றின் வழியே மன்னார்க் கடல் உலகெங்கும் காட்சிப் பொருளாயிற்று. கடலில் முத்து அருகிய காலத்திலும் அச்சிற் படங்கள் பெருகின.

3

இப்படங்களைக் கண்காட்சியிற் பார்ப்பதற்கும் நூலிற் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? நூலிற் படம் எழுத்துக்குத் துணை. தாளைப் புரட்டும் கை அதை விரைந்து கடக்கின்றது. சுவரிலோ படம் தன் அளவுடனும் நிறத்துடனும் பரப்புடனும் நிற்கிறது. நாமும் அதற்கெதிரே நம் உடலுடன் நிற்கிறோம். அருகிற் சென்றால் ஒன்றும், நாலடி பின்வாங்கினால் வேறொன்றும் தெரிகின்றது. திரும்பத் திரும்ப மண்டபத்துக்குச் சென்றதால் நாம் கற்றவற்றுள் நான்கினை மட்டும் இங்குக் கூறுவோம்.

முதலாவது, வானம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் வானம் பெரும்பாலும் வெறும் வெண்மையாக இருக்கும். மன்னாரின் வானம் அப்படி இருந்ததில்லை. அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு அளவுமீறி உணர்வுடையன. எனவே நீலவானம் முழுவதும் எரிந்து வெளுத்துவிடும். மேகமற்ற வெறுமை என்று கவிஞன் கண்ணால் நாம் வியக்கும் இடத்தில் உண்மையில் இருப்பது இரசாயனத்தின் குறைபாடு.

இரண்டாவது, தோல். அதே தகடுகள் சிவப்பு, செம்மஞ்சள் ஒளிகளை ஏறத்தாழ உணரமாட்டா. ஆதலால் மாநிறத் தோல் உள்ளதைவிடக் கருமையாகப் பதிவாகும். முகத்தின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மறையும். வெண்ணிற உடையணிந்த அதிகாரி ஒளிர்வார். அவரருகே நிற்கும் சுழியோடி நிழலுருவமாக நிற்பான். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 அளவில் விற்பனைக்கு வந்தபோதும், அவை பரவலாவதற்கு மேலும் காலஞ் சென்றது. அதிகாரி ஒருவன் மனத்தளவில் கொண்டிருந்த இனப் பாகுபாடு ஒருபுறமிருக்க, அவனது தகட்டின் வேதியியலும் அதே திசையிற் சாய்ந்திருந்தது. கருவி நடுநிலையானது என்ற நம்பிக்கையை இது ஆட்டங்காணச் செய்கிறது.

மூன்றாவது, அசைவின்மை. ஈரத்தகட்டுக் காலத்தில் ஒளிபடும் நேரம் சில விநாடிகள் நீடித்தது. அசைந்தவர் மங்கிப்போவார். எனவே உழைப்போரை வேலையை நிறுத்தி நிற்கச் செய்தே படம் எடுத்தனர். வேலை நின்ற கணத்தின் படம், வேலையின் படமாகக் கண்காட்சியில் தொங்கியது. கையைக் கட்டியபடி வெறித்து நோக்கும் 'சுதேசி' சோம்பேறி என்ற ஐரோப்பியக் கற்பனைக்கு இவ்வாறான படங்கள் துணைபோயின. உலர்தகடுகள் வந்தபின் இந்நிர்ப்பந்தம் தளர்ந்தது. எனினும், நிற்கவைக்கும் பழக்கம் உடனே மறையவில்லை.

நான்காவது, நாம் தொடக்கத்திற் கூறிய கயிறு. நீருக்கடியிற் படமெடுக்கும் முறையை லூயி பூத்தான் பிரான்சின் தென்கரையில் 1893இல் மேற்கொண்டார். அது ஓர் ஆய்வாளரின் அரிய முயற்சி. முத்துத் தோணிகளுக்கு வந்த புகைப்படக்காரருக்கு அது கைக்கெட்டாதது. ஆதலால், முத்துக்குளிப்புத் தொழிலின் மையமான அந்த ஒரு நிமிடம் அக்காலப் படங்களில் இடம்பெறவில்லை. காதும் மூக்கும் அழுத்தத்தால் நோக, மூச்சு முட்டச் சிப்பி அள்ளும் உடலைப் பார்வையாளர் காணவில்லை. தோணியும் கரையும் குவியலும் ஏலமும் முத்துமாலையுமே அவர்கள் கண்டவை. உற்பத்தியின் விளைவு காட்சிக்கு வந்தது. உற்பத்தியின் கணம் நீருள் மறைந்தது. அக்கணத்துக்குப் படத்தில் உள்ள ஒரே சாட்சி, இறுகி நிற்கும் கயிறு.

4

கண்காட்சி என்பது நமக்குக் கற்பிக்கும் இடம் மட்டுமன்று. அதற்கெனவும் ஒரு வரலாறு உண்டு. 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியிலேயே புகைப்படங்கள் காட்டப்பட்டன. அதன்பின், 1886ஆம் ஆண்டின் குடியேற்ற நாடுகள்–இந்தியக் கண்காட்சி, 1893ஆம் ஆண்டின் சிக்காகோக் கண்காட்சி, 1904ஆம் ஆண்டின் சென்ற் லூயிக் கண்காட்சி ஆகியவற்றில் இலங்கைக்குத் தனிக்கூடம் அமைக்கப்பட்டது. தேயிலை, கறுவா, இரத்தினம் முதலிய பொருள்கள் அக்கூடங்களை நிரப்பின. ஒரு நாடு முழுவதும் சரக்குப் பட்டியலாக அடுக்கப்பட்ட இடங்கள் அவை. அத்தகைய இடங்களிற் புகைப்படமும் பொருள்களோடு பொருளாக, 'இவ்வாறான மனிதர் இச்சரக்கைத் தருகின்றனர்' என்று சொல்லும் விளம்பரமாக நின்றது.

குறிப்புகளை நோக்கினால் இது தெளிவாகும். இக்காலப் படங்களின் கீழே அதிகாரிக்குப் பெயர் உண்டு, தோட்டத்துரைக்குப் பெயர் உண்டு, சுழியோடிக்குப் பெயரில்லை. தமிழன், அரபுக்காரன், மூர்க்காரன் என்ற இனப் பெயரே அவனுக்கு உரியது. படத்தின் ஓரத்திலுள்ள இவ்விரு சொற் குறிப்பு, படத்தைவிட நீண்டகாலம் நம் மனத்தில் தங்குகின்றது. கண்காட்சிக்குச் செல்வோர் குறிப்பை முதலிற் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பது வழக்கம். அவ்வொழுங்கை மாற்றி, படத்தை நன்கு பார்த்தபின் குறிப்பைப் படித்தால், இரண்டும் ஒன்றையொன்று எங்கே மறுக்கின்றன என்பது தெரியவரும். இது நாம் நம் மாணவர்க்குச் சொல்லும் எளிய பயிற்சி.

இந்தச் சிக்கல் ஏகாதிபத்தியக் காலத்துடன் முடிந்துவிடவில்லை. 1955இல் நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகத்தில் எட்வேட் ஸ்ரைக்கன் அமைத்த 'மனிதக் குடும்பம்' என்னும் கண்காட்சி, 68 நாடுகளிலிருந்து 273 புகைப்படக்காரரின் 503 படங்களைக் கொண்டது. உலகைச் சுற்றிவந்த அதனை 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தனர். பிறப்பு, காதல், உழைப்பு, மரணம் ஆகியன எங்கும் ஒன்றே என்பது அதன் செய்தி. அணுகுண்டின் நிழலில் வாழ்ந்த உலகுக்கு அச்செய்தி ஆறுதலளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிரான்சிய அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தமது நூலில் அதனைக் கடுமையாக விமர்சித்தார். எல்லோரும் உழைக்கின்றனர் என்று மட்டும் கூறி, யாருக்காக, எந்தக் கூலிக்கு உழைக்கின்றனர் என்பதை விட்டுவிட்டால், வரலாறே மறைந்துபோகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். மன்னார்த் தோணியின் படத்துக்கும் இது பொருந்தும். 'கடலும் மனிதனும்' என்று தலைப்பிட்டு அதைத் தொங்கவிட்டால் அழகாகவே இருக்கும். மூன்றிலொரு பங்கும், ஏலமும், குத்தகையும் அத்தலைப்பில் அடங்கா.

மன்னாரோடு தொடர்புடைய இன்னொரு படத்தொகுதியையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் யூலியா மாகறெற் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் எடுத்த இலங்கைப் படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளரான தமிழ் ஆண்களும் பெண்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். அப்படங்களின் எழிலை எவரும் மறுக்கார். ஆனால், அக்காலத் தொழிலாளர் பெருந்தொகையாக வந்த வழி மன்னார் வழியே. தமிழகக் கரையிலிருந்து தோணியேறி, தலைமன்னார், அரிப்பு முதலிய துறைகளில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்றியும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். எழில்மிகு அப்படங்களிற் பாதையின் தடயம் இல்லை. மலையகத் தொழிலாளரின் படம் ஒன்றைக் காணும்போது, அதன் வெளியே மன்னார்க் கரை கிடக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

5

இனி, நம் நாட்டவர் தாமே கமராவைக் கையிலெடுத்த காலத்தை நோக்குவோம். 1930களிற் கொழும்பில் ஒரு சிறு குழுவினர் புகைப்படத்தைக் கலையாகப் பயின்றனர். அவர்களுள் தலைசிறந்தவர் லயனல் வென்ட். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர், சட்டம் பயின்றவர். தேர்ந்த பியானோக் கலைஞர். 1934இல் பசில் றைற் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' என்னும் ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஒளியைத் தலைகீழாக்கும் முறை, படங்களை ஒன்றன்மேல் ஒன்று இணைக்கும் முறை முதலிய நவீன உத்திகளை அவர் இங்கு கையாண்டார். 1943இல் தோன்றிய '43ஆம் ஆண்டுக் குழுவினரான ஓவியர்களுக்கு அவர் உறுதுணையாக இருந்தார்.

அக்காலத்துப் பயில்வோருக்குப் புகைப்படக் கல்லூரி என ஒன்று இங்கு இருக்கவில்லை. சங்கமும் அதன் கண்காட்சியுமே அவர்களது பள்ளி. ஒருவர் தம் படத்தைச் சுவரில் மாட்டுவார். மற்றவர் அதன் முன் நின்று, ஒளி எங்கிருந்து வந்தது, தாளின் தன்மை யாது, வெட்டிய ஓரம் சரியா என்று உசாவுவார். இருட்டறையிற் கற்றது பாதி, சுவரின் முன் கற்றது பாதி. இம்மரபின் அருமையை நாம் போற்றுகிறோம். அதே வேளை, அப்பள்ளியின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கமராவும் தாளும் விலையுயர்ந்தன; உரையாடலின் மொழி ஆங்கிலம்; இடம் தலைநகர். பேசாலை மீனவனுக்கோ முசலி விவசாயிக்கோ அங்கு இடமிருந்திருக்க முடியாது. வென்ட் மறைந்தபின் அவரது நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. 1950இல் வெளிவந்த தொகுப்பு நூலும் எஞ்சிய அச்சுகளுமே அவரை நமக்குத் தருகின்றன. செல்வமும் செல்வாக்கும் நண்பர் குழாமும் உடைய கலைஞர் ஒருவரின் படைப்புக்கே இக்கதி நேர்ந்ததெனின், வசதியற்ற குடும்பங்களின் படங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

6

மன்னார்க் கரையின் மக்கள் தாமாக விரும்பிப் படம் எடுத்துக்கொண்டது எப்போது? திருமணம், முதல் நன்மை, பிள்ளையின் பிறந்தநாள், வெளிநாடு செல்பவரின் பிரியாவிடை என்பனவே அதற்குரிய வேளைகள். நகரத்து ஸ்ரூடியோவில், வரைந்த திரையின் முன், இரவல் கடிகாரத்துடன் நின்று எடுத்த படங்கள் பல வீட்டுச் சுவர்களில் தொங்கின. வறிய குடும்பங்கள் பலவற்றில் ஒருவரது முதற் படம், அரசு கேட்டதால் எடுத்த படமாகவே இருந்தது. 1972 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய அடையாள அட்டை அதற்கு முக்கிய காரணம். அலங்காரமற்ற, நேர்நோக்கிய, சிறு முகப்படம் அது.

பின்னர்ப் போர் வந்தது. 1914இற் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பல் தொடர்பு, 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் அறவே நின்றது. 1983க்குப் பின் அதே கடலைச் சிறு படகுகளில் அகதிகள் கடந்தனர். புகையிரதப் பாதை 1990இல் அழிந்து, 2015இலேயே தலைமன்னார் வரை மீண்டது. கடலைக் கடந்தவர் கையிற் கொண்டுசெல்ல முடிந்தது சிறிது. படத்தொகுப்பு நீரில் நனைந்தாற் போயிற்று.

1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 மக்கள், மிகச் சில நாள்களுள், உடைமைகளை விட்டுச் செல்ல நேர்ந்தது. அவர்களுட் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டியினர் கடல்வழியே கற்பிட்டி சேர்ந்தனர். முசலிப் பகுதியினர் புத்தளத்துக்குச் சென்றனர். மறிச்சுக்கட்டியும் அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று. இதனைக் கூறாது மன்னாரின் பட வரலாற்றை எழுதுதல் தமிழ் ஆய்வாளருக்கு நேர்மையாகாது. உறுதி, நகை, பாத்திரம் ஆகியவற்றோடு படங்களும் வீடுகளில் கிடந்தன. வீடுகள் அழிந்தபோது அவையும் அழிந்தன.

2009க்குப் பின் மக்கள் திரும்பியபோது ஊர் காடாகியிருந்தது. வில்பத்துக் காட்டின் எல்லை எது, ஊரின் எல்லை எது என்ற விவாதம் 2015 அளவில் நாடெங்கும் எழுந்தது. 'இங்கே எம் வீடு இருந்தது' என்று சொல்வோரிடம், வீட்டு முற்றத்தில் எடுத்த பழைய படம் ஒன்று இருந்திருப்பின் அது எத்துணைப் பெரிய சாட்சியாக இருந்திருக்கும்! அதற்கு அண்மையிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டனர். அவர்களது ஊர் கடற்படை முகாமாயிற்று. நிலத்தை மீட்க 2017இல் அவர்கள் போராடினர். ஒரே கரையின் இரு சமூகங்கள் ஒரே வகைச் சான்றை இழந்து நிற்கின்றன.

இங்கு வரலாறு நம்முன் வைக்கும் முரண் கசப்பானது. ஒரு பருவம் மட்டுமே நின்று மறைந்த மறிச்சுக்கட்டி முத்து நகரின் படங்கள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அச்சேறிப் பாதுகாப்பாக உள்ளன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்களின் படங்கள் இல்லை. படம் எஞ்சுவது அதன் சிறப்பினால் மட்டுமன்று. அதை வைத்திருப்பவரின் கூரை எஞ்சுவதாலேயே ஆகும்.

அடையாள அட்டைக்காக எடுத்த சிறு முகப்படத்துக்கும் ஒரு மறுவாழ்வு வாய்த்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் அச்சிறு படங்களையே பெரிதாக்கிக் கையில் ஏந்தி வடக்கெங்கும் தெருவோரங்களில் அமர்ந்தனர். மன்னார்த் தாய்மாரும் அவர்களுட் சேர்ந்தோரே. அரசு தன் கணக்குக்காக எடுக்கச் செய்த படம், அரசை நோக்கிய வினாவாக மாறியது. பெரிதாக்கியதால் முகம் மங்கி, புள்ளிகள் தெரிகின்றன. எந்தக் கலைஞனும் அமைக்காத, எந்தச் சுவரும் இல்லாத அக்கண்காட்சியை வழிப்போக்கர் ஒரு நிமிடத்திற் கடந்து செல்கின்றனர். முத்துத் தோணியின் முன் நாம் செய்த பிழையும் அதுவே. முத்துக்குளிப்புப் படத்தில் கயிற்றின் மறுமுனையைக் காணத் தவறியது போல, இங்கும் படத்தை ஏந்தும் கையைக் காணத் தவறுகிறோம்.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

புகைப்படத்தைப் பற்றி அறிவதற்குக் கண்காட்சியைப் போன்ற பள்ளி வேறில்லை. ஆனால், அது நேரத்தைக் கட்டணமாகக் கேட்கும் பள்ளி. நூறு படங்களை ஒரு மணியிற் பார்ப்பதிலும், ஐந்து படங்களை ஒரு மணியிற் பார்ப்பது பயனுடையது. தகட்டின் வேதியியல், நின்ற நிலை, குறிப்பின் சொல், படத்துக்கு வெளியே விடப்பட்டது, படத்தை வைத்திருந்தவர் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு படத்திடமும் கேட்டல் வேண்டும்.

இரண்டாவதாக, மன்னாருக்கு அம்மக்களின் படங்களாலான ஒரு கண்காட்சி வேண்டும். பழைய முத்துக்குளிப்புப் படங்களின் பிரதிகளை அங்குக் கொண்டுவந்து, கடலறிந்த முதியோரிடம் காட்டி, கயிற்றின், கூடையின், தோணி உறுப்பின் பெயர்களை அவர்கள் வாயிலாகக் கேட்டுப் பதிதல் வேண்டும். பெயரற்ற குறிப்புகளுக்கு அருகே அவர்கள் தரும் சொல் இடம்பெறுதல் வேண்டும். பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் ஆகிய ஊர்களில் எஞ்சிய வீட்டுப் படங்களையும், புத்தளத்திலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உறவினர் கையிலுள்ள படங்களையும் பிரதிசெய்து, மூலத்தை உடையவரிடமே மீளக் கொடுத்தல் வேண்டும். படம் இல்லாதோருக்கு வெற்றுச் சட்டம் ஒன்றேனும் சுவரில் இருக்கட்டும். அதனடியில் அவர்கள் சொல்லும் விவரம் எழுதப்படட்டும்.

மூன்றாவதாக, ஓர் எச்சரிக்கை. காணாமலாக்கப்பட்டோரின் படங்களைக் கலைப்பொருளாக எடுத்து மாட்டும் உரிமை நமக்கில்லை. ஏந்தியிருப்பவரின் சம்மதமும் அவர் வகுக்கும் நிபந்தனையுமே அங்கு முதன்மையானவை. அதை மறந்தால், பெயரின்றிச் சுழியோடியைத் தொங்கவிட்ட அன்றைய கண்காட்சிக்காரருக்கும் நமக்கும் வேறுபாடு இராது.

இப்பணி தனியொருவரால் ஆவதன்று. தமிழ், வரலாறு, நுண்கலை ஆகிய துறைகளின் மாணவரும் மன்னார் மாவட்டத்து ஆசிரியர்களும் சேர்ந்து ஆற்றக்கூடியது. முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. எஞ்சிய படங்களும் ஈரத்தாலும் கறையானாலும் அழிகின்றன. அடுத்த விடுமுறையில் ஓர் ஊரிலாவது இதனைத் தொடங்குவோமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறும்.